பின்வாசல், இரண்டு நிமிட நடை

விடுதியின் வரவேற்பு மேசையில் இருந்தவர் பதிவேட்டை அவள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, அவளைப் பார்க்காமல் அவள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. கதவுக்கு வெளியேயும் பார்த்தார். அங்கேயும் யாரும் இல்லை.

"கூட யாரு வர்றாங்க?"

"யாரும் வரல."

"தனியாவா வந்திருக்கீங்க?"

"ஏன், உங்க கட்டில் ரெண்டு பேர் படுத்தாத்தான் நிக்குமா?"

அவர் உடனே சாவியை நீட்டினார். செவ்வாய்க்கிழமை காலை ரயிலை விட்டு இறங்கி இன்னும் ஒரு மணி நேரம் ஆகவில்லை, அதற்குள் இந்தக் கேள்வியைக் கேட்ட மூன்றாவது ஆள் அவர். நாற்பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி ஒற்றைப் பெட்டியோடு ஊர் பார்க்க வந்தால் இவர்களுக்கெல்லாம் என்ன கொள்ளை போகிறது என்று சார்ட்டக்காவுக்குப் புரியவில்லை. அவளுக்குப் பொதுவாகவே மூக்குக்கு மேல் கோபம். இந்தத் தடவை அதைப் பெட்டியில் முதல் அடுக்காக மடித்து வைத்துக்கொண்டே கிளம்பியிருந்தாள்.

சார்ட்டக்கா என்பது வேலையிடத்தில் வைத்த பெயர். இந்த மாநகரத்துப் பேருந்துக் கழகத்தின் தகவல் மையத்தில் அவளுக்கு இருபத்திரண்டு வருட வேலை. ஆனால் அந்தத் தகவல் மையம் மாநகரத்தில் இல்லை. வாடகை மலிவு என்று, ஒரு ராத்திரி ரயில் பயண தூரத்தில் உள்ள சின்ன ஊரில், பழைய கிடங்கு ஒன்றின் மாடியில் வைத்திருந்தார்கள். மாநகரத்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு "இங்கேயிருந்து அங்கே எப்படிப் போறது?" என்று யாராவது போன் செய்தால், மணி அடிப்பது அந்தக் கிடங்கில். ஆறு பெண்கள், ஆறு போன்கள், எதிரே சுவர் முழுக்க ஒரு சார்ட். எந்த எண் பேருந்து, எந்த நிறுத்தம், இறங்கி எந்தப் பக்கம், எத்தனை நிமிட நடை, எல்லாம் அதில் உண்டு. மற்ற ஐந்து பேரும் கழுத்து வலிக்க அதை நிமிர்ந்து பார்த்துச் சொல்வார்கள். இவள் குனிந்த தலை நிமிராமல் சொல்வாள். நானூற்றுப் பன்னிரண்டு நிறுத்தங்களும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். இத்தனைக்கும் இந்த ஊரை அவள் கண்ணால் பார்த்ததே இல்லை.

போன வாரம் ஒரு மெமோ வந்தது. இருபத்தேழாம் எண் பேருந்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வழி கேட்ட ஒரு பெரியவருக்குத் தவறான தகவலை அலட்சியமாகத் தந்தாளாம். அவர் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்த மனைவியைக் கூட்டிக்கொண்டு வெயிலில் அலைந்தாராம். அந்த அம்மாள் நடுவழியில் விழுந்து மணிக்கட்டு முறிந்து, சிகிச்சை ஒரு மாதம் தள்ளிப்போனதாம். வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்குத் தலைமை அலுவலகத்துக்கு நேரில் வந்து, இணைத்திருக்கும் மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்திட வேண்டும். இல்லையென்றால் வேலை போகும்.

அலட்சியம் என்ற அந்த ஒரு சொல்லைப் படித்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. மருத்துவமனை பின்வாசல், இரண்டு நிமிட நடை. சார்ட்டில் இருபத்தேழுக்கான பச்சைக் கோட்டில் பதினெட்டாவது நிறுத்தம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அதைத்தான் சொன்னாள். அதில் என்ன தப்பு?

"போய் ஒரு கையெழுத்தைப் போட்டுட்டு வாடி," என்றாள் அக்கா. சார்ட்டக்கா இருப்பது அக்கா வீட்டு மாடி அறையில். கூடத்துச் சுவரில் தங்கையின் சான்றிதழ்கள் வரிசையாகத் தொங்கும். அதிக அழைப்புகளுக்குப் பதில் சொன்னதற்காக ஒன்பது வருடம் தொடர்ந்து வாங்கியவை. அக்கா வீட்டுக்காரர் அவற்றின் மேல்தான் குடையை மாட்டுவார்.

"நான் எதுக்குப் போடணும்? ரெண்டு நாள் முன்னாடியே போறேன். அதே பஸ்ல ஏறி, அதே ஸ்டாப்புல இறங்கி, கையில கடிகாரத்தை வச்சுக்கிட்டு நடந்து காட்டுறேன். ரெண்டு நிமிஷத்துக்கு மேல ஒரு நொடி ஆச்சுன்னா என்னைக் கேளு."

"தனியாவா போவே? ஊரே தெரியாது."

"எனக்கா ஊர் தெரியாது?"

"பஸ் நம்பர் தெரிஞ்சா ஊர் தெரிஞ்ச மாதிரியாடி?" என்றாள் அக்கா. அந்தக் கேள்விக்கும் அவள் கோபப்பட்டாள்.

விடுதி அறை மூன்றாவது மாடியில். ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் கை நீட்டும் தூரத்தில் பக்கத்துக் கட்டடத்தின் குழாய்கள். ஒரு குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. அவள் முகத்தைக் கழுவி, செருப்பு வாரை இறுக்கி மாட்டிக்கொண்டு கீழே இறங்கிவிட்டாள். ஆஸ்பத்திரிக்கு நாளைக்குப் போகலாம். இருபத்திரண்டு வருடமாக வாயால் நடத்திய ஊரை ஒரு நாளாவது காலால் பார்க்க வேண்டாமா?

அன்று முழுக்கப் பேருந்துதான். நாற்பத்தொன்றில் ஏறி ஆறாவது நிறுத்தத்தில் இறங்கி, எதிர்ப்பக்கம் போய்ப் பன்னிரண்டில் ஏறினாள். நடத்துநர் வாயைத் திறப்பதற்குள் அடுத்த நிறுத்தத்தின் பெயரை இவள் முணுமுணுத்தாள். பெயர் சரியாக வந்து நிற்கும்போதெல்லாம் சின்னப் பிள்ளை மாதிரி உள்ளுக்குள் துள்ளிக்கொண்டாள். சார்ட்டில் ஒரு கறுப்புப் புள்ளியாக இருந்த துணிச்சந்தை, நேரில் பார்த்தால் ஒரு தெருவே துணியால் மூடிக் கிடந்தது. அடுத்த தெருவில் விளக்கு ஸ்விட்சைத் தவிர வேறொன்றும் விற்பதில்லை. இத்தனை ஆயிரம் ஸ்விட்சை யார் போட்டு யார் அணைக்கிறார்கள் என்று நின்று பார்த்தாள். பின்னால் வந்தவன் முழங்கையால் இடித்துவிட்டு, இவளையே முறைத்தான்.

"கண்ணு முதுகுலயா இருக்கு?" என்று கத்தினாள். அவன் அதற்குள் போய்விட்டான். இந்த ஊரில் திட்டுவதற்குக்கூட ஆள் நிற்பதில்லை. அது அவளுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

ஒரு நிறுத்தத்தில் கைக்குழந்தையோடு நின்ற பெண், நீதிமன்றத்துக்கு எப்படிப் போவது என்று யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தாள். யாரும் பதில் சொல்லவில்லை. சார்ட்டக்கா அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"ஒன்பதாம் நம்பர்ல ஏறுங்க. மணிக்கூண்டுக்கு எதிர்ல இறங்குங்க. இறங்கி இடது பக்கம், நாலு நிமிஷம் நடந்தா போதும்."

"மணிக்கூண்டா? அப்படி ஒண்ணும் பார்த்த மாதிரி இல்லையேக்கா."

பெண்ணுக்கு ஊர் தெரியவில்லை என்று நினைத்து அவளோடு தானும் ஏறிப் போனாள். மணிக்கூண்டு என்ற நிறுத்தம் இருந்தது. பலகையும் இருந்தது. மணிக்கூண்டைத்தான் காணோம். இருந்த இடத்தில் வாகனங்கள் நிறுத்தும் நான்கு மாடிக் கட்டடம். மணிக்கூண்டை இடித்துப் பத்து வருடம் ஆகிறது என்றார் பத்திரிகைக் கடைக்காரர். இடது பக்கம் நான்கு நிமிட நடையும் சரியாக இல்லை. நடுவில் ஒரு மேம்பாலம் வந்திருந்தது. அறுபத்து நான்கு படி ஏறி, அறுபத்து நான்கு படி இறங்கினால்தான் நீதிமன்றம். குழந்தையை இவள் வாங்கிக்கொண்டாள். படிகளை எண்ணியதும் அவள்தான். பதினோரு நிமிடம் ஆயிற்று.

"நீங்க வந்ததால ஆச்சுக்கா," என்று அந்தப் பெண் நன்றி சொல்லிவிட்டுப் போனாள். சார்ட்டக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. பாலம் கட்டியவர்கள் மேல் கோபம், கூண்டை இடித்தவர்கள் மேல் கோபம், இரண்டையும் சார்ட்டில் ஏற்றாமல் இருந்தவர்கள் மேல் அதைவிடக் கோபம். ஆனால் பெயர் சரிதானே, பேருந்து எண் சரிதானே என்று தனக்குத்தானே சப்பைக்கட்டுக் கட்டிக்கொண்டு அறைக்குத் திரும்பினாள்.

புதன்கிழமை காலை பத்தரைக்கு இருபத்தேழாம் எண்ணில் ஏறினாள். பதினெட்டாவது நிறுத்தத்தில் இறங்கினாள். கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நடந்தாள். ஆஸ்பத்திரியின் நீண்ட மதில் தெரிந்தது. மதிலின் நடுவில் பச்சை இரும்புக் கதவு தெரிந்தது. கதவுக்கு முன்னால் நின்று மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு நிமிடம் ஐம்பது நொடி.

கதவில் அவள் உள்ளங்கை அளவுக்கு ஒரு பூட்டுத் தொங்கியது. துருப்பிடித்து, பூட்டும் சங்கிலியும் ஒரே கட்டியாகிவிட்டிருந்தன. கம்பி இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தாள். கதவுக்குப் பின்னால் பாதை இல்லை. செங்கல் சுவர் இருந்தது. அதற்கு மேலே ஜெனரேட்டர் ஓடும் கொட்டகையின் கூரை தெரிந்தது.

"திறக்கச் சொல்லி என்னைக் கேட்காதீங்க," என்றது ஒரு குரல். "எல்லாரும் கேட்டுட்டாங்க."

கதவை ஒட்டி ஒரு பெரியவர் மடக்கு மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். மேசை மேல் சாவிகள், அரம், ஒரு சின்ன இயந்திரம். பூட்டுக்குச் சாவி செய்து தருபவர். அறுபது வயதிருக்கும்.

"பூட்டுக்காரன் பக்கத்துலயே உட்கார்ந்திருக்கான், பூட்டு திறக்கலன்னு சிரிக்கிறாங்க. பூட்டைத் திறந்துடுவேன். பின்னாடி இருக்கிற சுவத்துக்கு எந்தச் சாவியைப் போடுறது?"

"எப்போ மூடினாங்க, ஐயா?"

"ஆறு வருஷம் இருக்கும். உள்ள புதுசா கட்டடம் கட்டினாங்க. அதோட இது போச்சு."

அவளுக்கு ஒரு கணம் சந்தோஷம் பொங்கியது. உள்ளதைச் சொல்வதானால் அப்படித்தான். தப்பு சார்ட்டின் மேல், தன் மேல் இல்லை. போனை எடுத்துப் பூட்டை ஒரு படம், சங்கிலியை ஒரு படம், செங்கல் சுவரை ஒரு படம் எடுத்தாள். நாளைக்கு அந்த அதிகாரியின் மேசையில் இதைத் தூக்கிப் போட்டு, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும். அலட்சியமாம் அலட்சியம்.

"நீங்களும் போன்ல கேட்டுத்தான் வந்தீங்களா?" என்றார் பூட்டுக்காரர்.

அவள் போனைப் பைக்குள் போட்டாள்.

"தினம் நாலு பேராவது வந்துடுவாங்க. நோயாளியைக் கையில பிடிச்சுக்கிட்டு வந்து நிப்பாங்க. யாரோ ஒரு பொம்பளை போன்ல சொல்லுதாம், ரெண்டு நிமிஷ நடைன்னு. இந்த மதிலைச் சுத்திக்கிட்டு முன்வாசலுக்குப் போகணும். நடுவுல நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. நான்தான் அம்புக்குறி போட்டு எழுதி வச்சேன், பாருங்க."

மதிலில் வெள்ளைப் பெயிண்டில் கோணலாக ஓர் அம்புக்குறி இருந்தது. முன்வாசல் இந்தப் பக்கம்.

"நாலு மாசம் முன்னாடி ஒருத்தர் பொண்டாட்டியைக் கூட்டிட்டு வந்தார். அந்தம்மாவால நிக்கவே முடியல. என் ஸ்டூலைக் குடுத்தேன். அவர் இங்க நின்னுக்கிட்டே மறுபடி போன் போட்டார். அம்மா, பூட்டு தொங்குதும்மான்னார். அதுக்கு அந்தப் பொம்பளை என்ன சொல்லுச்சு தெரியுமா?"

சார்ட்டக்காவுக்குத் தெரியும். அவர் சொல்வதற்கு முன்பே தெரியும்.

"சார்ட்ல அப்படித்தான் இருக்குங்க. நாங்க சார்ட்டைத்தான் பார்க்க முடியும், வாசலையா பார்க்க முடியும்? அப்படின்னுச்சாம். தேன் மாதிரி சொல்லிட்டு வச்சுடுச்சாம். அவர் போனைப் பார்த்துக்கிட்டே நின்னார். அப்புறம் அந்தம்மா கையைப் பிடிச்சு நடக்க வச்சார். அதோ, அந்த வளைவுகிட்டதான் விழுந்தாங்க."

அந்த வாக்கியம் அவளுடையது. பதினைந்து வருடத்துக்கு முன் அவளே கண்டுபிடித்தது. தகவல் மையத்தில் ஒரு விதி உண்டு. சார்ட்டில் உள்ளது தப்பு என்று அழைப்பவர் யாராவது சொன்னால், திருத்தச் சீட்டு எழுதித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். எட்டுக் கேள்வி, மூன்று நகல். எழுதி முடிக்கப் பத்து நிமிடமாவது ஆகும். அந்தப் பத்து நிமிடத்தில் ஐந்து அழைப்புகள் போய்விடும். மாதக் கடைசியில் எண்ணிக்கை குறையும். எனவே யாரும் எழுதுவதில்லை. அதற்குப் பதிலாக இந்த வாக்கியம். கோபமாக வருகிறவரும் மறுபேச்சுப் பேச முடியாமல் போனை வைத்துவிடுவார். புதிதாகச் சேரும் பெண்களை உட்கார வைத்து, எந்த இடத்தில் குரலை இறக்க வேண்டும், எந்த இடத்தில் லேசாகச் சிரிக்க வேண்டும் என்று அவளே பழக்கியிருக்கிறாள்.

"அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி மட்டும் இங்க வந்தா, திட்ட மாட்டேன்மா," என்றார் பூட்டுக்காரர், அரத்தை எடுத்துக்கொண்டே. "இந்த மதிலை ஒரு தடவை சுத்திட்டு வான்னு சொல்லுவேன். அவ்வளவுதான்."

"அவளுக்கு என்னங்க தெரியும்? எழுதிக் குடுத்ததைத்தானே அவ படிப்பா!" என்று கத்திவிட்டாள் சார்ட்டக்கா. "கதவை மூடினவனை விட்டுட்டீங்க, சுவர் வச்சவனை விட்டுட்டீங்க, போன் எடுத்தவதான் கிடைச்சாளா உங்களுக்கு?"

பூட்டுக்காரர் நிமிர்ந்து அவளை ஒரு பார்வை பார்த்தார். அரத்தைத் தேய்க்க ஆரம்பித்தார். அவள் விறுவிறுவென்று நிறுத்தத்துக்குத் திரும்பி, வந்த முதல் பேருந்தில் ஏறிவிட்டாள். அது எந்த எண் என்றுகூடப் பார்க்கவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் அவள் எண் பார்க்காமல் ஏறிய முதல் பேருந்து அது.

சாயங்காலம் அக்காவுக்குப் போன் செய்து படங்களைப் பற்றிச் சொன்னாள். அக்காவுக்கு வாயெல்லாம் பல்.

"அப்புறம் என்னடி? அவன் மூஞ்சியில வீசிட்டு வா. என் தங்கச்சியை யாருன்னு நினைச்சான்?"

"ம்."

"என்ன ம்? ஜெயிச்சுட்டியே!"

"யாராவது வந்து சொன்னா கேட்டிருக்கணும் இல்லக்கா?"

"யாரு சொன்னா?"

"ஒண்ணுமில்ல. வை." போனைக் கட்டிலில் எறிந்தாள். ஜன்னலுக்கு வெளியே குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. எழுந்து போய் ஜன்னலை அடித்துச் சாத்தினாள். சாத்தியும் கேட்டது. "அம்மா, பூட்டு தொங்குதும்மா" என்று மூச்சு வாங்கப் பேசிய ஒருவர் நினைவுக்கு வந்தார். அந்த அழைப்பை நாற்பது நொடியில் முடித்திருந்தாள். அந்த மாதமும் அவளே முதல். அந்தப் பெரியவர் மேல் அவளுக்கு அப்போது கடும் எரிச்சல் வந்தது. இரண்டாவது தடவை ஏன் போன் செய்து தொலைத்தார்? ஒரு தடவையோடு விட்டிருந்தால் இன்று அவள் சுத்தம். அப்படி நினைத்த மறு நிமிடமே தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

வியாழக்கிழமை பதினோரு மணிக்குத் துணை மேலாளரின் அறை. குளிர்சாதனம், கண்ணாடி போட்ட மேசை, மேசையில் போன், பின்னால் அதே சார்ட். புதிதாக அச்சடித்து, பளபளவென்று சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். துணை மேலாளருக்கு இவளைவிடப் பத்து வயது குறைவு. மன்னிப்புக் கடிதத்தை மேசையில் நகர்த்தினார். அவள் அதைத் தொடவில்லை. போனைத் திறந்து மூன்று படங்களையும் அவர் முன்னால் வைத்தாள்.

"இது உங்க பதினெட்டாவது ஸ்டாப், சார். ஆறு வருஷமா பூட்டு. அதுக்குப் பின்னாடி சுவர். நான் சொன்னது உங்க சார்ட்ல இருக்கிறதைத்தான். அலட்சியம் என்னோடதா, உங்களோடதா?"

அவர் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தார். முகம் மாறியது. கோபப்படுவார் என்று எதிர்பார்த்து அவள் இடுப்பில் கை வைத்து நின்றாள். அவரோ நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"அப்போ உங்க மேல தப்பே இல்லையேம்மா! ஆஸ்பத்திரிக்காரங்க நமக்குத் தெரிவிக்கல. நம்ம ஆளுங்க போய்ப் பார்க்கல. நீங்க என்ன பண்ணுவீங்க? பூட்டைப் பத்திப் புகார் வந்ததும் சார்ட்டைத் திருத்தச் சொல்லி திங்கட்கிழமையே உத்தரவு போட்டாச்சு."

வேறொரு தாளை எடுத்து, தானே நாலு வரி எழுதி, அவள் பக்கம் திருப்பினார். வாசல் மூடப்பட்டிருப்பது குறித்து எந்தப் பயணியும் எந்தச் சமயத்திலும் எனக்குத் தெரிவிக்கவில்லை. கீழே கையெழுத்துக்கு இடம்.

"இதுல போடுங்க. விஷயம் முடிஞ்சது. அந்தப் பெரியவர் ரெண்டாவது தடவை போன் பண்ணேன், பூட்டைப் பத்திச் சொன்னேன்னு இன்னொரு கடிதம் எழுதியிருக்கார். போன் பேச்சோட பதிவு மூணு மாசத்துல அழிஞ்சுடும், அதனால அது நம்மகிட்ட இல்ல. நீங்க இல்லன்னு எழுதிட்டா இல்லதான்."

பேனாவையும் திறந்து கொடுத்தார். வேலை போகாது. மெமோ ரத்தாகிவிடும். ஒன்பது சான்றிதழும் சுவரில் அப்படியே இருக்கும். அவள் பேனாவை வாங்கி, நுனியைத் தாளில் வைத்தும்விட்டாள். எதிரே சார்ட்டின் பச்சைக் கோடு தெரிந்தது.

"உத்தரவு போட்டாச்சுன்னீங்களே. ஒரு தடவை போன் போட்டுக் கேளுங்க, சார். பயணி மாதிரி கேளுங்க."

"எதுக்கு?"

"கேளுங்க."

அவர் தோளைக் குலுக்கிவிட்டு ஸ்பீக்கரைப் போட்டு எண்ணை அழுத்தினார். இரண்டாவது மணியில் எடுத்தார்கள். எடுத்தது வாலு. சேர்ந்து ஒரு வருடம் ஆன பெண். வாய்த்துடுக்குக்காக சார்ட்டக்காவே வைத்த பெயர் அது.

"பெரிய ஆஸ்பத்திரிக்கு எப்படிம்மா போகணும்?"

"இருபத்தேழாம் நம்பர் ஏறுங்க சார். மருத்துவமனை பின்வாசல்ல இறங்குங்க. ரெண்டு நிமிஷ நடை."

துணை மேலாளரின் கழுத்து சிவந்தது. "அங்க பூட்டியிருக்கேம்மா. நானே பார்த்தேன்."

"சார்ட்ல அப்படித்தான் இருக்குங்க," என்றது அந்தக் குரல், தேனாக. குரலை இறக்க வேண்டிய இடத்தில் இறக்கி, சிரிக்க வேண்டிய இடத்தில் லேசாகச் சிரித்தது. "நாங்க சார்ட்டைத்தான் பார்க்க முடியும், வாசலையா பார்க்க முடியும்?"

போன் வைக்கப்பட்டது. அவர் மேசையில் ஓங்கித் தட்டினார்.

"என்ன திமிர்! யார் இந்தப் பொண்ணு? பேர் சொல்லுங்க. இவளுக்கும் ஒரு மெமோ அடிக்கிறேன்."

"அவளை விடுங்க, சார்." சார்ட்டக்காவின் குரல் நடுங்கியது. அது அழுகை இல்லை, சுத்தமான ஆத்திரம். "அது அவ வாயில வர்ற என் பேச்சு. நான் உட்கார வச்சுப் பழக்கினது. அந்தப் பெரியவருக்கும் இதையேதான் சொன்னேன். அவர் போன் பண்ணார். பூட்டு தொங்குதுன்னார். இன்னும் எத்தனையோ பேர் சொன்னாங்க. நான் ஒரு சீட்டு எழுதல."

"அம்மா, இப்படி வெளிப்படையா எழுதிட்டீங்கன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. வேலை போயிடும்."

"எழுதினாப் போகும்னாலும் எழுதுறேன்."

அவர் எழுதிய நாலு வரியையும் அடித்தாள். தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி அடித்தாள். கீழே எழுதினாள்: பயணிகள் சொன்னார்கள். ஆறு வருடமாகச் சொன்னார்கள். அந்தப் பெரியவர் இரண்டாவது முறை அழைத்தது உண்மை. நான் கேட்டுக்கொள்ளவில்லை. எழுதுவதற்கு நேரம் கொடுக்காமல் எண்ணிக்கைக்குச் சான்றிதழ் கொடுத்தது கழகம். கையெழுத்தைப் போட்டாள். ஆறு வருடத்தில் ஒரு தடவையாவது இருபத்தேழில் ஏறியிருக்கிறாரா என்று அவரைக் கேட்டாள். அவர் காரில் வருகிறவர். அவள் பதிலுக்குக் காத்திருக்காமல் வெளியே நடந்தாள்.

உச்சி வெயிலில் பதினெட்டாவது நிறுத்தத்தில் இறங்கினாள். பூட்டுக்காரர் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"போன்ல சொல்றது நான்தான், ஐயா," என்றாள்.

அவர் தண்ணீரைக் கொட்டினார். பாத்திரத்தைத் துடைத்தார். "நேத்தே தெரியும்மா," என்றார். "நீங்க கத்துனீங்களே, அப்பவே."

"சுத்திட்டு வரச் சொல்வேன்னீங்க."

"சொன்னேன்." சிரிக்கவும் இல்லை, வேண்டாம் என்று தடுக்கவும் இல்லை. அம்புக்குறியின் பக்கம் கையைக் காட்டினார். "நடங்க."

அவள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நடந்தாள். மதில் முடிவில்லாமல் போனது. வளைவுக்கு அருகே நடைபாதையில் ஒரு கல் பெயர்ந்திருந்தது. அந்த அம்மாள் விழுந்தது அதில்தானா என்று குனிந்து பார்த்தாள். பிணவறை வாசல், குப்பைத் தொட்டிகள், ஆம்புலன்ஸ்கள் திரும்பும் இடம், மறுபடி மதில். செருப்பு வார் கடித்தது. தலை சுட்டது. கை பிடித்து நடத்த வேண்டிய நோயாளி யாரும் அவளோடு இல்லை. இருந்தும் முன்வாசலுக்கு வந்து நின்றபோது முப்பத்து நான்கு நிமிடம் ஆகியிருந்தது.

அங்கேயே கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு தகவல் மையத்துக்குப் போன் செய்தாள்.

"வணக்கம், சொல்லுங்க, எங்கிருந்து எங்க போகணும்?"

"வாலு, நான்தான்டி."

"அக்கா! எப்படி இருக்கு ஊரு? சுத்திப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். திருத்தச் சீட்டை எடு."

"எதை?"

"திருத்தச் சீட்டு. அலமாரியில கீழ்த்தட்டுல இருக்கும், தூசியாக் கிடக்கும். மூணு காப்பி எடு."

"அக்கா, லைன்ல பதினாலு பேர் நிக்கிறாங்க. இப்போ போய்…"

"நிக்கட்டும்," என்றாள் சார்ட்டக்கா. இன்னும் மூச்சு வாங்கியது. "பச்சைக் கோடு, பதினெட்டாவது ஸ்டாப். எழுது. வாசல் கிடையாது. முன்வாசலுக்கு முப்பத்து நாலு நிமிஷம். தனியா நடந்தா."